சொல்லுக்குள் இருக்கும் நாற்பது

'குவாரண்டைன்' என்ற ஆங்கிலச் சொல்லை 2020-ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் நம் கிராமத்துப் பாட்டிமார்கூடக் கற்றுக்கொண்டார்கள். அப்போது பலரைப் 14 நாள் ஒதுங்கியிருக்கச் சொன்னார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் 14 இல்லை, 40 இருக்கிறது! அது எப்படி வந்தது தெரியுமா?

பதினான்காம் நூற்றாண்டில் கப்பல்கள் வழியே ஐரோப்பாவில் கொள்ளை நோயான பிளேக் புகுந்தது. ஏட்ரியாட்டிக் கடற்கரையில் ரகுசா என்றொரு துறைமுக நகரம் இருந்தது. இன்று குரோஷியா நாட்டில் டுப்ரோவ்னிக் எனப்படுவது அதுதான். நோயுள்ள ஊர்களிலிருந்து வருவோர் 30 நாள் வெளியே தங்கிய பிறகே நகருக்குள் நுழையலாம் என்று 1377-ல் அந்நகரம் சட்டம் செய்தது. பின்னர் வெனிஸ் போன்ற நகரங்களில் முப்பது நாற்பதாயிற்று. இத்தாலிய மொழியில் 'குவரந்தா' என்றால் நாற்பது. சொல் பிறந்தது அதிலிருந்துதான்.

ஏன் நாற்பது? கிறிஸ்தவ மறையில் நாற்பது நாள் நோன்புக்குத் தனி மதிப்பு உண்டு என்பது ஒரு விளக்கம். கிருமி என்ற ஒன்றையே அவர்கள் அறியார்கள். பிளேக் கிருமியை எர்சின் கண்டது 1894-ல்தான். ஆயினும் கணக்கு பலித்தது. பிளேக் தொற்றியவருக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் நோய்க்குறி தோன்றிவிடும். நாற்பது நாள் தாராளம்!

ஆங்கிலேயரின் பழைய சட்டத்தில் இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. கணவனை இழந்த பெண் அவன் வீட்டில் நாற்பது நாள் தங்கியிருக்கும் உரிமைக்கும் இதுவே பெயர்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நோயாளியைப் பிரித்து வைப்பது குவாரண்டைன் ஆகாது. அதற்கு 'ஐசோலேஷன்' என்று பெயர். நோய் தொற்றியிருக்கலாம் என்ற ஐயத்தால், நலமாகத் தோன்றுபவரை ஒதுக்கி வைப்பதே இது. 1969-ல் சந்திரனிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங் குழுவினர் மூவருக்கும் நோய் ஏதுமில்லை. அங்கே கிருமி இருந்துவிட்டால்? 21 நாள் கணக்கிட்டு அடைத்து வைத்தார்கள்.

அவர்களையாவது உலகமே கொண்டாடியது. ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட நம் தொழிலாளர்களின் கதை வேறு. இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள மண்டபம் முகாமில் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பிறகே கடல் கடக்க அனுமதி பெற்றார்கள். பிற்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த தமிழ் அகதிகள் தங்க வைக்கப்பட்டதும் அதே மண்டபம் முகாமில்தான்.