குழாயினுள் நிகழும் மாற்றம்

1903ஆம் ஆண்டில் வார்சோ நகரில் உருசியத் தாவரவியலாளர் மிக்கேல் சுவெற் புதியதொரு பகுப்பு முறையை அறிவித்தார். சுண்ணத்தூள் நிறைத்த கண்ணாடிக் குழாயினூடே இலைச்சாறு இறங்க, பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையங்களாகப் பிரிந்தன. 1906இல் இதற்குக் குரோமற்றோகிராபி எனப் பெயரிட்டார். குழாயினுள்ளேயே நிறப்பொருள்கள் சிதைகின்றன என இரசாயன அறிஞர் சிலர் ஐயுற்றனர். 1919இல் சுவெற் மறைந்தார். 1931இல் ஹைடெல்பேர்க் நகரில் கூன், லெடரர் முதலியோர் அம்முறைக்குப் புத்துயிர் அளித்தனர்.

குழாயினுள் மாற்றம் நிகழ்தலே பின்னர் ஆய்வுப் பொருளாயிற்று. 1960இல் பாசெற், ஹப்கூட் இருவரும் ஊக்கி நிறைத்த குழாயிற் சைக்கிளோபுரொப்பேன் வாயுவைச் செலுத்தினர். அது தங்கிய நேரத்தையும் புரொப்பிலீனாக மாறிய அளவையும் கொண்டு தாக்கத்தின் வேகத்தைக் கணித்தனர். பழுதென அஞ்சியதை அளந்து பார்த்தவர்க்கே அதன் பயன் புலப்பட்டது.