வால்வு இடைவெளியின் வரலாறு

ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி, அவற்றுள் 12 கூறுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைக்கும் அளவு ஏறத்தாழ 0.30 மில்லிமீட்டர். கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் இச்சிற்றளவு, மோட்டார் வண்டியின் எஞ்சின் ஒன்றை வாழ்விக்கவும் வல்லது. தவறினால் வீழ்த்தவும் வல்லது. பழைய எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிப்போர் இறுதியாகச் சரிபார்க்கும் வால்வு இடைவெளியே அது.

இடைவெளி ஏன் வேண்டும்? எரிபொருட் கலவையைச் சிலிண்டருக்குள் புகவிடுவது உள்ளிழு வால்வு. எரிந்த வாயுவைப் போக்குவது வெளியேற்று வால்வு. வெப்பத்தால் உலோகம் நீளும் என்பது மாணவரும் அறிந்த உண்மை. வால்வின் தண்டு நீள்வதற்கு இடமில்லையெனில், அவ்வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது. தன் வெப்பத்தை இருக்கையின் வழியே இறக்கிவைக்க இயலாமையால் அதன் விளிம்பு கருகிப்போகும். இடைவெளி மிகுந்தாலோ உறுப்புகள் மோதி ஓசையிடும். வால்வும் குறைவாகவே திறக்கும். ஆதலின் மிகையும் கூடாது, குறையும் கூடாது.

தொடக்ககால எஞ்சின்கள் பலவற்றில் உள்ளிழு வால்வைத் திறக்கத் தனி அமைப்பு ஏதும் இல்லை. பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் உறிஞ்சுதலே அதனைத் திறந்தது. எஞ்சினின் வேகம் பெருகியபோது அம்முறை போதாதாயிற்று. இருவகை வால்வுகளையும் கேம் தண்டே இயக்கும் நிலை வந்தது. இடைவெளியைப் பேணும் கடமையும் உடன் வந்தது.

1908 முதல் 1927 வரை 1 கோடியே 50 இலட்சத்திற்கும் மேலாக உருவாக்கப்பட்ட ஃபோர்டு ‘மாடல் டி’ வண்டியில் இடைவெளியைத் திருத்தும் திருகு இல்லை. இடைவெளி குறைந்தால், தொழிலாளர் வால்வுத் தண்டின் முனையைத் தேய்த்துத் திருத்தினர். அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால், தேய்த்ததை மீட்க வழியில்லை. பிற்காலத்தில் பரவிய திருகும் பூட்டு மரையும், பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைத் தொழிலாளருக்கு அளித்தன.

இம்முறையைப் பெரும்புகழுடன் கையாண்டது இங்கிலாந்தின் ‘ஏ-சீரீஸ்’ எஞ்சின். 1951இல் ஆஸ்டின் ஏ30 வண்டியுடன் 803 கன சென்டிமீட்டர் அளவில் அது அறிமுகமாயிற்று. 1952இல் ஆஸ்டினும் மோரிஸும் ஒரே நிறுவனமாக இணைந்த பின், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனரிலும் அது பொருத்தப்பட்டது. மலாயா, சிங்கப்பூர்ச் சாலைகளுக்கும் அவ்வண்டி நன்கு அறிமுகமானதே. 1959இல் மினி வண்டியில் ஏறிய இவ்வெஞ்சின் குடும்பம், 2000ஆம் ஆண்டில் அவ்வண்டியுடனேயே விடைபெற்றது.

அதன் 4 சிலிண்டர்களுக்கு 8 வால்வுகள். வழக்கமான இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.012 அங்குலம். எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு எளிய கணக்கொன்று உண்டு. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 9 ஆக வேண்டும். 8ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் 1ஆம் வால்வை அளக்க வேண்டும். 6ஆவது திறந்திருக்கையில் 3ஆவதை அளக்க வேண்டும். அந்நேரத்தில் அளக்கப்படும் வால்வுக்குரிய கேம், தன் தாழ்ந்த பகுதியைக் காட்டி நிற்கும். பூட்டு மரையைத் தளர்த்தி, பீலர் கேஜ் தகடு சிறிதே பிடிப்புடன் நகருமாறு திருகை அமைத்து, மரையை மீண்டும் இறுக்க வேண்டும். இறுக்கும்போது திருகு நகர்ந்திருக்கலாம் என்பதால் மறுபடியும் அளப்பதே முறை.

புதுப்பித்த எஞ்சினில் மேலும் விழிப்பு வேண்டும். சிலிண்டர் தலை இறுகும்போது கேஸ்கட் அமுங்கும், ராக்கர்கள் தாழும், இடைவெளி குறையும். ஆகவே தலையை இறுக்கிய பின்னரே அளத்தல் வேண்டும். சிறிது தொலைவு ஓடியபின் மீண்டும் சரிபார்த்தல் வேண்டும். ராக்கர் முனை தேய்ந்து குழிவிழுந்திருப்பின், தட்டையான தகடு அக்குழியின் மேலேயே தங்கிப் பொய்யளவு கூறும். கருவி பிழையற்றது, அது தொடும் பரப்போ பிழையுடையது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே தேர்ந்த தொழிலாளர்.

இவ்வரலாற்றில் எரிபொருளுக்கும் பங்குண்டு. 1921இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த ஈயச் சேர்மம், 1923 முதல் பெட்ரோலில் கலந்து விற்கப்பட்டது. எஞ்சினின் தட்டொலியை அடக்கவே அது சேர்க்கப்பட்டது. எனினும் ஈயப்படலம் வால்வு இருக்கைகளையும் தேய்வினின்று காத்தது. ஈயம் மக்களின் உடல்நலத்திற்கு, சிறப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு விளைவிப்பது. ஆகவே அது விலக்கப்பட்டது முற்றிலும் நன்றே. பிரிட்டனில் அதன் பொது விற்பனை 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுற்றது. உலகில் இறுதியாக அல்ஜீரியாவும் 2021இல் அதனைக் கைவிட்டது. ஆனால், ஈயத்தை நம்பிப் பிறந்த எஞ்சின்களில் மென்மையான இருக்கை தேய்கிறது, வால்வு உள்ளமிழ்கிறது, தண்டு மேலெழுகிறது, இடைவெளி சிறிது சிறிதாக மறைகிறது. இதனாலேயே புதுப்பிப்போர் கடினப்படுத்திய இருக்கைகளைப் பொருத்துகின்றனர்.

ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. இடைவெளி கூடினால் எஞ்சின் ஓசையிட்டு அறிவிக்கும், குறைந்தால் அமைதியாகும். அந்த அமைதியை நலமென்று மயங்கியவர், வால்வு கருகிய பின்னரே உண்மை உணர்வர். 1930இல் கேடிலாக் நிறுவனம் தன் 16 சிலிண்டர் எஞ்சினில், எண்ணெய் அழுத்தத்தால் தானே இடைவெளியை அகற்றும் அமைப்பைக் கொண்டுவந்தது. பின்னாளில் அவ்வகை அமைப்புகள் பெருகின. ஆயினும், பழைய எஞ்சின் ஒன்று எங்கேனும் உயிர்பெற வேண்டுமாயின், ஒரு மெல்லிய தகட்டையும் அதன் உராய்வை உணரும் விரல்களையுமே அது இன்றும் நம்பியிருக்கிறது.