இழுப்பு: புகையும் காய்ச்சலும் சந்தித்த வரலாறு

நோயைப் புகை விரட்டும் என்னும் நம்பிக்கை மிகப் பழையது. தமிழகத்து வீடுகளில் வேப்பிலையும் சாம்பிராணியும் புகைவதிலும், கேரளத்து ஆயுர்வேத மரபில் அபராஜித தூமசூர்ணம் புகைக்கப்படுவதிலும் அதன் சாயலைக் காணலாம். புகையிலைக்கும் இக்காவல் பணி அளிக்கப்பட்டதுண்டு. 1665இல் இலண்டனைக் கொள்ளைநோய் தாக்கியபோது புகையிலைப் புகை காப்பு மருந்தாகக் கருதப்பட்டது. 1918இன் இன்ஃப்ளூயன்சாப் பெருந்தொற்றிலும் அவ்வாறு நம்பியோர் இருந்தனர். 2020 ஏப்ரலில், நிகோட்டின் கொரோனாத் தொற்றைத் தடுக்கக்கூடும் என்ற கருதுகோள் பரவியதும், நிகோட்டின் பட்டைகளின் விற்பனைக்குப் பிரான்ஸ் அரசு வரம்பு விதிக்க நேர்ந்தது. மூன்றரை நூற்றாண்டுகளில் நோய்கள் மாறின, நம்பிக்கை மாறவில்லை.

இந்நம்பிக்கையைச் சோதிக்க ஒரே இடத்தில் வாழும், ஒத்த வயதுடைய, ஒரே தொற்றுக்கு ஆட்பட்ட மனிதர்கள் தேவைப்பட்டனர். படைமுகாம் அதற்கு வாய்ப்பளித்தது. இஸ்ரேலியப் படைப்பிரிவு ஒன்றில் எச்1என்1 இன்ஃப்ளூயன்சா பரவியபோது, உடல்நலமுள்ள 336 இளைஞர்களிடம் ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 1982இல் வெளிவந்தன. புகைப்போரில் 68.5 விழுக்காட்டினர் நோயுற்றனர், புகைக்காதோரில் 47.2 விழுக்காட்டினரே நோயுற்றனர். கடுமையாக நோயுற்றோர் முறையே 50.6, 30.1 விழுக்காட்டினர். பல்லாண்டுகள் புகைத்து நலிந்த முதியவர்கள் அல்லர் இவர்கள், இளம் வீரர்கள். புகையின் தீங்கு முதுமைக்காகக் காத்திருப்பதில்லை என்பதை இவ்வெண்கள் உணர்த்தின.

இதற்கு முதலில் தரப்பட்ட விளக்கம் எளியது: புகை நுரையீரலை வலுவிழக்கச் செய்கிறது. மூச்சுக்குழாயின் உட்பரப்பிலுள்ள நுண்மயிர்கள் சளியையும் அதில் சிக்கிய கிருமிகளையும் மேல்நோக்கித் தள்ளுகின்றன. புகை அம்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. இவ்விளக்கம் உண்மையே, ஆனால் முழுமையானதன்று. 2008இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட எலி ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. புகையூட்டப்பட்ட எலிகள் வைரசை அகற்றும் திறனை இழக்கவில்லை. மாறாக, அவற்றின் நுரையீரல் அளவுமீறி எதிர்வினையாற்றியது; கிருமியைக் காட்டிலும் அந்த அழற்சியே திசுக்களைச் சிதைத்தது. மறுபுறம், புகைப்போரின் நாசித் திசுவணுக்கள் வைரசை எதிர்கொள்ளும்போது இன்டர்ஃபெரான் என்னும் தொடக்க எச்சரிக்கையைக் குறைவாகவே எழுப்புவதாகவும் ஆய்வுகள் கண்டன. இவ்விரண்டையும் முரணாகக் கொள்ள வேண்டியதில்லை. வாயிலில் காவலர் உறங்குவதும், வீட்டினுள் பதற்றத்தில் தாறுமாறாக வாள் வீசுவதும் ஒரே ஒழுங்கின்மையின் இரு முகங்களாகலாம். புகை காவலைக் குறைக்கிறது என்பதைவிட, காவலின் அளவறியும் தன்மையைக் கெடுக்கிறது என்பதே பொருத்தம்.

இவ்வறிவு கேரளத்துக்குக் கூடுதல் பொருளுடையது. 1999 ஜூலை 12 அன்று, கே. ராமகிருஷ்ணன் எதிர் கேரள அரசு என்னும் வழக்கில், பொது இடங்களில் புகைப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமைக்கு எதிரானது என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுவதற்குமான தடை 2008 அக்டோபர் 2 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தின் அச்சுத மேனன் மையம் புகையிலைக் கட்டுப்பாட்டை மருத்துவக் கல்விக்குள் கொண்டுவர உழைத்தது. வயதுவந்தோரிடையே புகையிலைப் பயன்பாடு 2009–10இல் 21.4 விழுக்காடாக இருந்து, 2016–17இல் 12.7 விழுக்காடாகக் குறைந்தது.

ஆயினும் இப்போராட்டத்தின் முகமாகப் பெரிதும் அமைந்தது புற்றுநோயே. பீடி புகைக்கும் கூலித்தொழிலாளிக்குப் புற்றுநோய் இருபது ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள அச்சம். பருவமழையோடு வரும் காய்ச்சலோ இவ்வாண்டின் செய்தி, சில நாட்கூலியின் இழப்பு. தொலைவிலுள்ள மரணத்தைக் காட்டும் எச்சரிக்கை, அண்மையிலுள்ள இந்த இழப்பையும் சொல்ல வேண்டும்.

தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் திருவனந்தபுரத்தின் தெருக்களில் அதைச் சொல்லப் புதுச்சொல் தேவையில்லை. மலையாளத்தில் புகைப்பது ‘வலி’, மூச்சிரைப்பு ‘வலிவு’. தமிழில் பீடியை இழுப்பதும் ‘இழுப்பு’. மூச்சு இழுப்பதும் ‘இழுப்பு’. ஆய்வகங்கள் அரை நூற்றாண்டாக அணுகிவரும் உறவை இரு மொழிகளும் தத்தம் வேர்ச்சொல்லில் அருகருகே வைத்திருக்கின்றன.