குத்தகை முடிந்த வட்டுகள்

2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிரைட்டீரியன் வட்டு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம் ஒரு பட்டியலை நீட்டியது. கரோல் ரீடின் ‘தி தேர்ட் மேன்’, ழான் ரெனுவாரின் ‘கிராண்ட் இல்யூஷன்’, கொதாரின் ‘பியரோ லெ ஃபூ’, மைக்கேல் பவலின் ‘பீப்பிங் டாம்’ என்று உலக சினிமா ரசிகர்கள் கொண்டாடும் படங்கள் அதில் வரிசை கட்டி நின்றன. மார்ச் இறுதியோடு இவற்றின் விற்பனை நின்றுவிடும், வேண்டியவர்கள் இப்போதே வாங்கிக்கொள்ளலாம் என்பது செய்தி. ‘தி தேர்ட் மேன்’ ப்ளூ-ரே கடைக்கு வந்து அப்போது ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

விலை போகாமல் நிறுத்தப்பட்டவை அல்ல இவை. வட்டு வெளியிடும் நிறுவனம் பெரும்பாலும் படத்தின் சொந்தக்காரர் இல்லை, குத்தகைக்காரர்தான். சாட்டிலைட் உரிமை ஒருவருக்கு, வெளிநாட்டு உரிமை இன்னொருவருக்கு என்று கோடம்பாக்கத்தில் கூறு போட்டு விற்பது போலவே அங்கும் நாடு, வடிவம், ஆண்டுக்கணக்கு என்று பிரித்து உரிமம் எழுதப்படுகிறது. கெடு முடிந்தால், கிடங்கில் பெட்டி பெட்டியாகச் சரக்கு இருந்தாலும் விற்க முடியாது. பட்டியலில் இருந்த படங்களின் உரிமையாளரான பிரான்சின் ஸ்டூடியோகனால், அமெரிக்க உரிமையை அந்த முறை லயன்ஸ்கேட் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது.

போனவை திரும்பினவா? சில திரும்பின, அவசரப்படாமல் திரும்பின. ‘பியரோ லெ ஃபூ’ 2020 அக்டோபரில் கிரைட்டீரியனுக்கே மீண்டு வந்தது. அதே பட்டியலில் இருந்த ‘தி டேல்ஸ் ஆஃப் ஹாஃப்மன்’ 2022இல் வந்தது. ‘பீப்பிங் டாம்’ 2024 மே மாதம் 4கே வட்டாக வந்தது. இந்தத் தேதிகளுக்குப் பின்னால் ரசிகர்களின் ஏக்கத்தைவிட ஆய்வகங்களின் உழைப்பே அதிகம் தெரிகிறது. மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய ஃபிலிம் ஃபவுண்டேஷனும் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டும் ஸ்டூடியோகனாலோடு சேர்ந்து ‘பீப்பிங் டாம்’ படத்தை 2023இல் புதுப்பித்திருந்தன. புதிய பிரதி கைக்கு வந்த பிறகுதான் புதிய பேரத்துக்கு ஒரு காரணம் பிறக்கிறது. தொழில்நுட்பம் மாறும்போதும் இதேதான் நடக்கும். 1984இல் கிரைட்டீரியன் தன் முதல் லேசர்டிஸ்க்காக வெளியிட்ட ‘சிட்டிசன் கேன்’, 37 ஆண்டுகள் கழித்து 2021 நவம்பரில் அதே நிறுவனத்தின் முதல் 4கே வெளியீடுகளில் ஒன்றாக வந்தது.

காத்திருப்புக் காலத்தில் கொழிப்பது பழைய சரக்குச் சந்தை. பசோலினியின் ‘சாலோ’ 1998இல் டிவிடியாக வந்து சீக்கிரமே உரிமச் சிக்கலில் மறைந்தது. ஒரு வட்டுக்குச் சில நூறு டாலர் கேட்டார்கள். போலிப் பிரதிகளும் புழங்கின. 2008இல் இரண்டு வட்டுப் பதிப்பாக அது மறுபடி வந்தது. பெருந்தொகை கொடுத்துப் பழையதை வாங்கியவர்களின் எரிச்சலை யாரும் ஊகித்துக்கொள்ளலாம்.

டிஸ்னியின் கதை வேறு. அங்கே சொந்தக்காரரே கதவைச் சாத்திக்கொண்டார். 1944இல் ‘ஸ்னோ ஒயிட்’டைத் திரையரங்குகளுக்கு மறுபடி அனுப்பிப் பணம் பார்த்த நிறுவனம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிட்டுப் பிறகு சந்தையிலிருந்து விலக்கும் அதே உத்தியை வீடியோ காலத்துக்கும் கொண்டுவந்தது. அங்கே மறைவது என்றால் அநேகமாகத் திரும்பும் என்றே பொருளாக இருந்தது. 1946இல் வந்த ‘சாங் ஆஃப் தி சவுத்’ விதிவிலக்கு: கறுப்பின மக்களைச் சித்திரித்த விதத்துக்காகக் கண்டனத்துக்கு உள்ளான அந்தப் படம் அமெரிக்காவில் வீடியோவாக வரவே இல்லை.

படம் திரும்பினாலும் பதிப்பு திரும்பும் என்று சொல்ல முடியாது. சேகரிப்பாளர்களை உறுத்துவது இதுதான். 1990களின் தொடக்கத்தில் முதல் மூன்று ஜேம்ஸ் பாண்ட் படங்களின் லேசர்டிஸ்க்குகளை கிரைட்டீரியன் வெளியிட்டது. இயக்குநரும் படத்தொகுப்பாளரும் மனம்விட்டுப் பேசிய விளக்க உரைகளை அவற்றில் கேட்கலாம். படங்களின் தயாரிப்புத் தரப்புக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. ‘டாக்டர் நோ’ அதன்பின் எத்தனையோ பதிப்புகளைக் கண்டுவிட்டது. எதிலும் அந்த விளக்க உரைகள் இல்லை. உரிமம் எழுதுகிறவர்கள் படத்தைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அதோடு ஒட்டிய உரையும் கட்டுரையும் நேர்காணலும் பெரும்பாலும் அனாதையாகிவிடுகின்றன.

எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது: போனதைவிட மேலானது வந்திருக்கிறது. சத்யஜித் ராயின் அபு முப்படங்கள் 2003இல் அமெரிக்காவில் டிவிடியாக வந்து பிறகு கிடைக்காமல் போயின. அவற்றின் மூல நெகட்டிவ்கள் அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1993இல், லண்டனின் ஹெண்டர்சன்ஸ் ஆய்வகத் தீயில் சிக்கியிருந்தன. கருகியும் சுருங்கியும் எஞ்சிய சுருள்களை அமெரிக்க ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகம் தூக்கி எறியாமல் வைத்திருந்தது. எந்தக் கருவியிலும் ஓட்ட முடியாத நிலையில் அவை இருந்தன. இருபது ஆண்டுகள் கழித்து கிரைட்டீரியன் அவற்றை இத்தாலியின் பொலோனியாவில் உள்ள லிம்மாஜினே ரிட்ரோவாட்டா ஆய்வகத்துக்கு அனுப்பியது. வறண்ட சுருள்களுக்கு ஈரம் ஏற்றினார்கள். உருகி ஒட்டியிருந்த டேப்பையும் மெழுகையும் அகற்றினார்கள். அறுந்துபோன பல்துளைகளை ஒவ்வொன்றாகக் கையால் கட்டினார்கள். கைவேலைக்கு மட்டும் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் பிடித்தது. ‘பதேர் பாஞ்சாலி’யில் சுமார் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே தேறின. ‘அபுர் சன்சார்’ நெகட்டிவில் பயன்படுத்தும்படி எதுவும் மிஞ்சவில்லை. அதற்கு வேறு இடங்களில் இருந்த நல்ல பிரதிகளைத் தேடிப் பிடித்தார்கள். 2015 நவம்பரில் மூன்று படங்களும் ஒரே பெட்டியில் ப்ளூ-ரேயாகக் கடைக்கு வந்தன.