மேட்டுத் தண்ணீரும் பள்ளத்து ஊரும்

பக்கத்து வீட்டு மொட்டை மாடித் தண்ணி நம்ம வாசல்ல கொட்டினா சண்டை போடலாம், பைப்பைத் திருப்பி வைக்கச் சொல்லலாம். பக்கத்துல இருக்கறது ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையா இருந்தா? 2023 டிசம்பரில் முகத்துவாரக்குப்பத்துக்கும் அதைச் சுற்றியுள்ள எண்ணூர்க் குப்பங்களுக்கும் வந்த கேள்வி இது. மணலி அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் தண்ணீர்க் கணக்கில் அது அடுத்த மனைதான்.

மிக்ஜாம் புயல் மழை 3, 4 தேதிகளில் கொட்டித் தீர்த்தது. மணலியில் சிபிசிஎல் வளாகத்திலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து, முகத்துவாரத்துக்கு வந்தது. தங்கள் குழாய்களில் கசிவில்லை என்றது நிறுவனம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ வளாகத்தின் மழைநீர் மேலாண்மை சரியில்லை என்றது. அதாவது வடிகால் பிரச்சினை.

அந்தக் கால்வாயின் எண்ணூர்ப் பகுதி 1806இல் காக்ரேன் கால்வாயாகத் தொடங்கியது, சரக்குப் படகுகள் ஓடுவதற்காக. சுத்திகரிப்பு ஆலை அதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பிந்தியது. 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் அமைக்கப்பட்டது.

வேறொரு விஷயத்துக்காகப் பழைய தீர்ப்புகளைப் புரட்டும்போது, இதே ஆற்றின் மேல்பகுதியில் நடந்த ஒரு வழக்கு கண்ணில் பட்டது. கார்வேட்டிநகர ஜமீன். கொசஸ்தலையின் குறுக்கே கிருஷ்ணாபுரம் அணை இருப்பது இன்றைய கார்வேட்டிநகர மண்டலத்தில்தான். பெருமழையில் ஜமீனின் இரண்டு ஏரிகள் உடைந்து, வெள்ளம் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதையைச் சேதப்படுத்தியது. கம்பெனி நஷ்டஈடு கேட்டு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது.

கம்பெனியின் கையில் இருந்த ஆயுதம் 1868இல் வந்த ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் தீர்ப்பு. லங்காஷயரில் ஒரு ஆலை முதலாளி கட்டிய நீர்த்தேக்கத்தின் தண்ணீர், பழைய சுரங்க வழிகளில் புகுந்து அடுத்தவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. அபாயமான ஒன்றை இயல்புக்கு மாறாக உன் நிலத்தில் கொண்டுவந்து தேக்கினால், அது தப்பிப்போய்ச் செய்யும் சேதத்துக்கு நீயே பொறுப்பு என்றார்கள்.

ஆனால் 1874இல் ஜமீன்தார்தான் ஜெயித்தார். ஏரி அவருடைய சொந்த லாபத்துக்கு வெட்டியதல்ல, காலங்காலமாக ஊர் பிழைக்கிற நீர்ப்பாசன ஏற்பாட்டின் பகுதி. அதை மூடிவிடும் உரிமையே அவருக்குக் கிடையாது, பராமரிக்கும் கடமைதான் உண்டு. அதில் அவர் கவனக்குறைவாக இருந்ததாகவும் தெரியவில்லை என்றது கவுன்சில். ரயில்வே கம்பெனி தோற்றதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், மறைப்பானேன்!

எட்டு வருஷம் கழித்து, ஈஸ்மென்ட் ஆக்ட் என்று வக்கீல்கள் சொல்லும் 1882ஆம் வருடச் சட்டம் வந்தது. அதன் 7ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளில் இரண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மேட்டு நிலத்தில் இயல்பாக விழும் தண்ணீர் பள்ளத்து நிலத்துக்கு வடிந்து வருவதைக் கீழே இருப்பவர் தடுக்கக்கூடாது என்கிறது ஒன்று. என் நிலத்தைக் கடக்கும் தண்ணீரை, அது வந்து சேரும் முன் பிறர் அளவுமீறி மாசுபடுத்தக்கூடாது என்கிறது இன்னொன்று.

முதல் கடமையை முகத்துவாரக் குப்பங்கள் செய்துகொண்டேதான் இருக்கின்றன. பூண்டி திறந்தாலும் சரி, மணலி மிதந்தாலும் சரி, கடைசியில் வடிய வேண்டிய வாசல் அதுதான். வெள்ளம் வருவது அங்கே புதுசில்லை. எண்ணெயோடு வந்ததுதான் வழக்கு.

புயல் வந்தால் யார் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம்தான். ரைலண்ட்ஸ் விதியில் அந்தச் சாக்குக்கு இடமுண்டு, தெய்வச் செயல் என்று பெயர். 1986 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையின் வாயுக்கசிவு வழக்கில் தலைமை நீதிபதி பகவதியின் அமர்வு அந்தக் கதவைச் சாத்தியது. அபாயகரமான தொழில் நடத்துபவருக்கு எந்த விதிவிலக்கும் கிடையாது என்றார்கள். ஏரிக்குக் கிடைத்த மன்னிப்பு ஆலைக்குக் கிடையாது. சென்னை மழைக்குப் பெயர்போன ஊர் வேறு. டிசம்பர் வெள்ளத்தை எதிர்பாராதது என்று சொன்னால் 2015ஐப் பார்த்த யாரும் நம்பமாட்டார்கள்.

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வழக்கைத் தானே எடுத்துக்கொண்டது. அதற்குள் மீனவர்கள் வாளியும் டிரம்முமாக எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அலையாத்தி மரங்களின் வேர்களில் கறுப்பு ஏறியிருந்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. கூட்டிப் பார்த்தால் 8.68 கோடி வருகிறது. இறாலும் நண்டும் பிடிக்க முடியாமல் போன நாட்களுக்கான கூலி அந்தக் கணக்கில் எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க, 12,500ஐ எத்தனை நாளால் வகுப்பது?