காந்தமும் வெளிச்சமும்

விஞ்ஞானத்தில் கணக்குக்குத்தான் இடம், கற்பனைக்கு இடமில்லை என்று சிலர் அடித்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்டர்மீடியட்டோடு கணிதத்துக்கும் எனக்கும் இருந்த உறவு தீர்ந்துவிட்டது. ஆகவே மறுத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் சரித்திரம் என் கட்சியில் இருக்கிறது.

மைக்கேல் பாரடே லண்டனில் ஒரு கொல்லரின் மகன். புஸ்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர். பைண்டு செய்ய வந்த புஸ்தகங்களைப் படித்தே விஞ்ஞானத்துக்கு வந்தார். கணிதம் அவருக்கு வராது. 1845 செப்டம்பரில், ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் கனமான ஈயக் கண்ணாடி வழியே செலுத்தி, மறுபுறம் அது தெரியாதபடி தடுத்து வைத்தார். பக்கத்திலிருந்த மின்காந்தத்தில் மின்சாரம் பாய்ந்ததும், இருண்டிருந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. காந்தம் ஒளியின் தளத்தைத் திருப்பிவிட்டது!

மறு வருஷம், ஒளி என்பதே விசைக் கோடுகளின் அதிர்வாக இருக்கலாம் என்று ஒரு சொற்பொழிவில் சொன்னார். சமன்பாடு ஒன்றும் இல்லை, வெறும் வார்த்தைகள். அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

எடுத்துக்கொண்டவர் ஸ்காத்லாந்துக்காரரான மாக்ஸ்வெல். பாரடேயைவிட நாற்பது வயது இளையவர், கணிதத்தில் புலி. மாறுகிற காந்தப் புலம் மின் புலத்தை உண்டாக்கும் என்பது பாரடே 1831-ல் கண்டதன் சாரம். மாறுகிற மின் புலமும் காந்தப் புலத்தை உண்டாக்க வேண்டும் என்று மாக்ஸ்வெல் சேர்த்தார். அப்படியானால் ஒன்றை ஒன்று பிறப்பித்துக்கொண்டு இரண்டும் அலையாக ஓட வேண்டும். என்ன வேகத்தில்? ஜெர்மனியில் வேபரும் கோல்ராஷும் 1856-ல் செய்த மின் அளவீட்டை வைத்து, 1861-ல் அவர் கண்ட விடை விநாடிக்கு 1,93,088 மைல். பிரான்ஸில் பிஸோ 1849-ல் பற்சக்கரத்தைச் சுழற்றி அளந்த ஒளியின் வேகம் அவர் கணக்கில் 1,95,647 மைல். உண்மையான 1,86,282 மைலைவிட இரண்டும் கூடுதல்தான். ஆனாலும் இத்தனை நெருக்கம் தற்செயலாகுமா?

வேபரின் அளவீட்டில் ஒளி என்ற பேச்சே கிடையாது. 1865-ல் மாக்ஸ்வெல்லே மறைக்காமல் எழுதினார்: பாரடே சொன்னதும் தாம் சொல்வதும் சாராம்சத்தில் ஒன்றே, 1846-ல் வேகத்தைக் கணக்கிடத் தகவல் இல்லை, அவ்வளவுதான்.

அந்த அலைகளை ஹெர்ட்ஸ் 1888-ல் பரிசோதனையில் காட்டியபோது இருவரும் உயிரோடு இல்லை. பாரடே 1867-லும், மாக்ஸ்வெல் 48 வயதில் 1879-லும் காலமானார்கள்.

கணக்கு இல்லாவிட்டால் பாரடேயின் வார்த்தை ஊகமாகவே நின்றிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் போட வேண்டிய விஷயம் இன்னதென்று முதலில் காட்டியது அந்த ஊகந்தான்.