சைக்கிளுக்குக் காற்று, காலுக்கு என்ன? நெடுந்தூர ஓட்டக்காரருக்கான சாப்பாட்டுக் கணக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஏ9 வீதியால் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். நாலு வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஐந்து பேர் விடிய ஐந்து மணிக்கு அந்தத் தூரத்தைச் சைக்கிளில் ஓட வெளிக்கிட்டோம். என் வயிற்றில் இருந்தது சீனி போடாத ஒரு பிளேன்ரீ மட்டும். வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்புக் கரையும் என்று யாரோ சொன்னதை அப்போது நம்பியிருந்தேன்.

ஆனையிறவு வரை பறந்தோம். அதற்குப் பிறகு சோழகக் காற்று முகத்துக்கு நேரே அடிக்கத் தொடங்கியது. முறிகண்டியில் எல்லோரையும் போல நாங்களும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, ஆளுக்கொரு பை கச்சான் வாங்கினோம். என் பையை நான் முழுதாகக் கொறித்து முடித்தேன். திரும்ப ஏறிச் சில கிலோமீற்றர் போயிருப்போம். கால்கள் என்னுடையவை இல்லை என்பது போல இருந்தது. பின்னால் வந்த நண்பர் ஏதோ கேட்டது காதில் விழுந்தது, பதில் சொல்ல வாய் வரவில்லை. சைக்கிள் வீதியின் நடுப்பக்கம் சரிந்தது எனக்குத் தெரியாது. பஸ் ஒன்றின் கோர்ன் சத்தமும், யாரோ என் சேட்டைப் பிடித்து இழுத்ததும்தான் நினைவு. மர நிழலில் இருத்தி இரண்டு கதலி வாழைப்பழமும் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணீரும் தந்தார்கள். இருபது நிமிடத்தில் உலகம் திரும்பி வந்தது.

அன்று எனக்குப் பெலன் குறையவில்லை. எரிபொருள் முடிந்திருந்தது. இரண்டும் வேறு என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு அந்த பஸ் தேவைப்பட்டது.

உடலின் இரண்டு தாங்கிகள்

உடலில் எரிபொருள் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று கொழுப்பு. 60 கிலோ எடையுள்ள மெலிந்த ஆளிடம்கூட அது பல நாள் ஓடக் காணும். ஆனால் மெதுவாகத்தான் எரியும். மற்றது, நாம் சாப்பிடும் சோறு, பாண், சீனி போன்ற காபோவைதரேட்டிலிருந்து உடல் சேமித்துவைக்கும் கிளைக்கோஜன். தசைகளிலும் ஈரலிலும் சேர்த்து ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். கிராமுக்கு 4 கிலோகலோரி என்று பார்த்தால் 2,000 கிலோகலோரிக்கு உட்பட்ட சேமிப்பு. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஒருவர் மணிக்கு 500, 600 கிலோகலோரி செலவழிப்பார். கொழுப்பும் ஒரு பங்கு கொடுக்கும்தான். என்றாலும் இரண்டு, மூன்று மணி நேரத்தில் தாங்கி அடியைத் தொடும்.

இதில் ஈரலின் பங்கு ஏறக்குறைய 100 கிராம்தான். ஆனால் இரத்தத்தில் சீனியின் அளவைக் காத்து மூளைக்குக் கொடுப்பது அதுதான். நாங்கள் நித்திரை கொள்ளும்போதும் மூளை அதைத்தான் எடுக்கிறது, எனவே விடியும்போது ஈரலில் கணிசமான பகுதி குறைந்திருக்கும். பிளேன்ரீயோடு வெளிக்கிட்டவர் அரைத் தாங்கியோடு வெளிக்கிட்டவர். எனக்கு முதலில் போனது கால் என்று நினைத்தேன், தடுமாறியது தலை.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை. 1924இல் பொஸ்ரன் மரதன் ஓடி முடித்தவர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தபோது, களைத்து விழுந்தவர்களின் இரத்தத்தில் சீனி மிகக் குறைந்திருந்தது. அடுத்த வருடம் ஓட்டத்தின் நடுவே இனிப்புக் கொடுத்துப் பார்த்தார்கள், ஆட்கள் தெளிவாக வந்து முடித்தார்கள். 1966இல் சுவீடனில் பேர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தங்களையே வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே நிலைச் சைக்கிளின் இரு பக்கமும் இருந்து, ஆளுக்கு ஒரு காலால் மிதித்தார்கள். மிதித்த காலில் கிளைக்கோஜன் தீர்ந்தது, மிதிக்காத காலில் அப்படியே இருந்தது. பிறகு மாச்சத்துள்ள உணவை நன்றாகச் சாப்பிட்டபோது, வேலை செய்த காலில் முன்பு இருந்ததைவிட மேலாக அது நிரம்பியது. போட்டிக்கு முதல் இரண்டு நாள் சோற்றைக் கூட்டிச் சாப்பிடும் வழக்கத்தின் வேர் அதுதான்.

மணிக்கு எவ்வளவு?

ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு, காலையில் சாப்பிட்டிருந்தால், தண்ணீர் போதும். அதற்கு மேல் இரண்டரை மணி வரை என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் காபோவைதரேட்டு. அதற்கும் நீண்டால் மணிக்கு 90 கிராம் வரை போகலாம். பெரிய சுற்றுப்போட்டிகளில் ஓடும் தொழில்முறை வீரர்கள் இப்போது 120 கிராம் வரை எடுக்கிறார்கள், நமக்கு அது தேவையில்லை.

60, 90 என்ற எண்களுக்குக் காரணம் குடல். குளுக்கோஸ் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போக ஒரு வாசல். அதால் மணிக்கு ஏறக்குறைய 60 கிராமுக்கு மேல் போகாது. மிச்சம் குடலில் தேங்கி வயிற்றைப் பிரட்டும். பழங்களில் உள்ள பிரக்டோசுக்கு வேறு வாசல். இரண்டும் கலந்து போனால் 90 கிராம் வரை சமாளிக்கும். வெளிநாட்டு ஜெல் பைக்கற்றுகளின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது இந்தக் கலவையைத்தான். நம் குசினியில் உள்ள சீனி பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். பனங்கட்டியின் பெரும்பகுதியும் அதே சீனிதான். ஒரு ஜெல் பைக்கற்றில் இருப்பது 20, 25 கிராம். பனங்கட்டிக் குட்டானிலிருந்து உடைத்த 25 கிராம் துண்டு கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். நான் ஜெல்லுக்கு எதிரி அல்ல, போட்டியில் மூச்சு வாங்கும்போது அது இலகு. ஆனால் அது இல்லாததால் ஓட முடியவில்லை என்று ஒரு பெடியன் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு சிறிய கதலியில் 12 முதல் 15 கிராம். சாதாரண பேரீச்சம்பழம் ஒன்றில் ஆறு, ஏழு கிராம். ஒரு துண்டு பாணில் ஏறக்குறைய 14, அதில் ஒரு மேசைக்கரண்டி ஜாம் பூசினால் இன்னும் 12, 13. கிறீம் கிராக்கர் ஒன்றில் ஐந்துக்குக் கிட்ட. சோறு 100 கிராமில் 28. ஐரோப்பிய அணிகளின் உதவியாளர்கள் சோற்றை இனிப்பிட்டு அழுத்தி, சதுரத் துண்டுகளாக வெட்டித் தாளில் சுற்றி வீரர்களின் சட்டைப் பைக்குள் வைக்கிறார்கள். நம் அம்மாக்கள் கட்டிய கட்டுச்சோறு வேறு என்ன?

கச்சானுக்கு வருவோம். அதில் பாதிக்குக் கிட்ட கொழுப்பு, கால் பங்கு புரதம். நல்ல சாப்பாடுதான், ஆனால் வயிற்றை விட்டு இறங்கவே மணித்தியாலங்கள் எடுக்கும். எரியும் அடுப்புக்குப் பச்சை விறகு வைத்த கதை.

காலைச் சாப்பாட்டிலும் இதே விசயம்தான். ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று மணிக்கு முன், உடல் எடையின் கிலோவுக்கு 2 கிராம் என்ற அளவில் மாச்சத்து: 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். இடியப்பமும் இறுக்கமில்லாத சொதியும், அல்லது பாணும் ஜாமும் வாழைப்பழமும். தேங்காய்ப்பூ கூடிய புட்டும் குரக்கன் புட்டும் மற்ற நாட்களுக்கு மிக நல்லவை, நீண்ட ஓட்டத்தின் காலையில் வயிற்றில் பாரமாக நிற்கும். உடலுக்கு நல்லது வேறு, அந்த மூன்று மணிக்கு நல்லது வேறு.

தண்ணீரும் உப்பும்

என் அக்காவின் மகன் பாடசாலை வீதியோட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறான். போன வருடம் பயிற்சியின் நடுவில் மயங்கி விழுந்தான். ஏன் ஒன்றும் குடிக்கவில்லை என்று கேட்டேன். "குடிச்சா வயிறு குலுங்கும், ஓட ஏலாது எண்டு சேர் சொன்னவர், மாமா" என்றான். அந்த ஆசிரியர் கெட்டவர் அல்லர். அவருக்கு அவருடைய ஆசிரியர் சொன்னது அது. 1960களில் பிரான்ஸ் சுற்றுப்போட்டியிலேயே ஒரு வீரருக்கு ஒரு நாளைக்கு நாலு போத்தல், ஏறக்குறைய இரண்டு லீற்றர் என்று கட்டுப்பாடு இருந்தது. அங்கே அதைக் கைவிட்டு எத்தனையோ காலம். இங்கே எங்கள் மைதானங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒருவருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வீட்டுத் தராசு சொல்லும். ஓடமுன் உடுப்பில்லாமல் நிறுங்கள். ஒரு மணி நேரம் ஓடி, வியர்வையைத் துடைத்துவிட்டுத் திரும்ப நிறுங்கள். 68.4 கிலோ 67.6 ஆகி, இடையில் அரை லீற்றர் குடித்திருந்தால், உங்கள் வியர்வை மணிக்கு 1.3 லீற்றர். அதை முழுவதும் திருப்பி ஊற்றத் தேவையில்லை. மொத்த இழப்பு உடல் எடையின் 2 வீதத்தைத் தாண்டாமல் பார்த்தால் போதும்.

மறுபக்கத்து ஆபத்தைப் பற்றி இங்கே யாரும் கதைப்பதில்லை. வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். 2002 பொஸ்ரன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 வீதத்தினருக்கு அது குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம் அது அதிகம். தலையிடி, சத்தி, தடுமாற்றம் என்று வெயில் மயக்கம் போலவே காட்டும். பக்கத்தில் நிற்பவர்கள் அன்பாக இன்னும் தண்ணீர் பருக்குவார்கள், அது ஆளைக் கொல்லவும் கூடும். நிறையக் குடித்த ஆள் குழம்பிக் கதைத்தால் போத்தலை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நான் கொண்டுபோகும் போத்தல் இது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஐந்து மட்டமான மேசைக்கரண்டி சீனி (60 கிராம்), கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். உப்பிலிருந்து 600 மில்லிகிராமுக்குக் கிட்ட சோடியம் கிடைக்கும். வெள்ளையாக உப்புப் பூத்த சட்டையோடு வீடு திரும்புபவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். இளநீர் அருமையானது, ஆனால் அதில் கூட இருப்பது பொட்டாசியம். வியர்வையில் கூடப் போவது சோடியம். எனவே ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். வயிற்றோட்டத்துக்குக் கரைக்கும் ஜீவனி வகையில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான்; உப்புக்கு நல்லது, எரிபொருளுக்குக் காணாது.

இந்த அளவுகள் எல்லாம் சுகதேகிகளுக்கு. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இளநீரின் பொட்டாசியமே ஆபத்து. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் உப்பையும், இன்சுலினோ நீரிழிவுக் குளிசையோ எடுப்பவர்கள் முழுத் திட்டத்தையும், தங்கள் மருத்துவரோடு கதைத்தே தீர்மானிக்க வேண்டும்.

ஓடி முடித்த பிறகு சோறும் மீனும், அல்லது சோறும் முட்டையும் பருப்பும். 20, 25 கிராம் புரதம் அதில் வந்துவிடும். அடுத்த நாளும் ஓட்டம் இருந்தால் மட்டும் உடனே சாப்பிட அவசரப்படுங்கள். பயிற்சி எடுக்கும் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று: மாதவிடாய் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் கடும் பயிற்சியின் பெருமை அல்ல. செலவழிக்கும் அளவுக்கு அவள் சாப்பிடவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம், எலும்புவரை பாதிக்கும். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை அது உடலில் சேரவிடாது.

குடலும் பழக்கத்துக்கு வரும் உறுப்புத்தான். மணிக்கு 30 கிராமில் தொடங்கி, வாரம் வாரமாகக் கூட்டுங்கள். போட்டி நாளன்று புதிதாக ஒன்றையும் வாயில் வைக்காதீர்கள். பசி வந்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிடும், அதனால் என் கைபேசி இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் மணி அடிக்கும்.

இந்த ஆடியில் மருமகனும் எங்களோடு வவுனியாவுக்கு வந்தான். பரந்தனில் மணி அடித்தபோது, "இப்பதானே சாப்பிட்டனான், மாமா" என்று சிணுங்கிக்கொண்டே பனங்கட்டியைக் கடித்தான். முறிகண்டியில் வழக்கம்போல இறங்கினோம். கச்சானும் வாங்கினோம், பையைக் கட்டி முதுகுப்பையின் அடியில் போட்டு, வவுனியாவில் இறங்கித்தான் அவிழ்த்தோம்.